சித்தப்பா கையில் என்ன சீட்டு?

புதன், சனி, ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் சிங்கப்பூர் பூல்ஸ் கடை வாசலில் வரிசையைப் பார்க்கலாம். நாலு நம்பர் குலுக்கல் நடக்கும் நாட்கள் அவை. வரிசையில் நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை. போன வாரம் எந்த எண் விழுந்தது, எது வெகுநாளாக விழவில்லை என்று மும்முரமாகக் கணக்குப் போடுகிறார்கள். கனவில் வந்த எண், விபத்துக்குள்ளான காரின் எண், புதுவீட்டுக் கதவு எண் எல்லாம் சீட்டில் ஏறும். மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. முதல் பரிசு விழ 10,000த்தில் 1 வாய்ப்பு. இயந்திரத்துக்குள் சுழலும் பந்துக்குப் போன வாரக் கதை தெரியாது. ஆகவே அந்தக் கணக்கு முழுவதும் வீண். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் எத்தனை நோட்டுப் புத்தகங்களை நிரப்பியிருப்பார்களோ!

அங்கிருந்து சற்று நடந்தால் ரேஸ் கோர்ஸ் ரோடு. இன்று மீன் தலைக் கறிக்குப் பேர்போன தெரு. பெயர் வந்தது பக்கத்திலிருந்த குதிரைப் பந்தயத் திடலால். இன்றைய ஃபேரர் பார்க் திடலில்தான் 1843இல் முதல் பந்தயம் ஓடியது. 1911இல் சிங்கப்பூர் வானில் முதன்முதலாக விமானம் ஒன்று எழும்பியதும் அங்கிருந்துதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிக் குதிரை ஓடி முடித்தது. நாலு நம்பர் போல அல்ல குதிரை. முன்பு எப்படி ஓடியது, இன்று முதுகில் எவ்வளவு எடை, ஏறுகிறவர் யார் என்பதெல்லாம் உண்மையான துப்பு. துப்பைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனாலும் குதிரை நம்மை ஏமாற்ற நினைப்பதில்லை.

சீட்டாட்டம் இந்த இரண்டிலும் சேராதது. அதில் துப்பு உண்டு. துப்பைத் தருகிறவர் நம்மை ஏமாற்றவும் பார்க்கிறார். எதிராளி கையில் என்ன இருக்கும் என்ற கேள்வியைக் கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் நூறு ஆண்டுகளாக விடாமல் துரத்துவதற்குக் காரணம் இதுதான்.

இது நம்மவருக்குப் புதிய வித்தையும் அல்ல. ரம்மி ஆடுகிற எந்த அத்தையும் எதிரே இருப்பவர் கீழே போட்டதையும் எடுத்ததையும் வைத்துக் கையைப் படித்துவிடுவார். போட்ட கிளாவர் ஏழை ஒருவர் எடுத்தார் என்றால், அவரிடம் கிளாவர் ஆறோ எட்டோ இருக்கலாம், அல்லது வேறு ஏழுகள் இருக்கலாம். அடுத்த சுற்றில் அவரே கிளாவர் எட்டைக் கீழே போட்டால் பாதிக் கதை தெளிவாகிவிடும். யாழ்ப்பாணத்து வேர் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களில் முன்னூற்று நாலு ஆடுவார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; நான்கு நிறத்துக்கும் கூட்டினால் 304. அதில் துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் முறை உண்டு. ஏலம் கேட்டவர் எவ்வளவு கேட்டார், எதை இறக்கினார், எதை இறக்காமல் பதுக்குகிறார் என்பதைக் கொண்டே கவிழ்ந்து கிடக்கும் சீட்டின் நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போக்கரில், குறிப்பாக டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகையில், இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று (பிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்து சேர்ந்து யாருக்குப் பெரிதோ அவருக்குப் பணம். இடையிடையே நான்கு முறை பந்தயம். பணத்தைக் கூட்டலாம், ஈடுகட்டலாம், சீட்டை மடித்துவிட்டு விலகலாம்.

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள். உங்கள் இரண்டு சீட்டைப் பார்த்த கணமே எதிராளிக்குச் சாத்தியமானவை 1,225 ஆகக் குறைகின்றன. புதிதாக ஆடுகிறவர் இங்கேதான் தவறுகிறார். "அவரிடம் ஜோடி ஏஸ் இருக்குமோ, ஏஸ்-ராஜா இருக்குமோ" என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். ஜோடி ஏஸ் வர 6 வழிதான்; ஏஸ்-ராஜா வர 16 வழி. உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் அவருக்கு ஜோடி ஏஸ் வரும் வழி 6இலிருந்து 3 ஆகிவிடும், சரிபாதி. ஒரு சொல்கூடப் பேசாமல், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், உங்கள் கையிலுள்ள சீட்டே எதிராளியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிடுகிறது.

இனி ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்போம். தீபாவளி இரவு, ஃபேரர் பார்க் பக்கத்து வீவக வீடு, முறுக்குத் தட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். (2022 ஆகஸ்ட் முதல் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடும்பமும் நண்பர்களும் வீட்டுக்குள் நேரில் ஆடுவதை அனுமதிக்கிறது, வீட்டுக்காரர் அதை வைத்துச் சம்பாதிக்காத வரை. பொது இடத்தில் ஆடினால் அந்தச் சலுகை இல்லை.) எதிரே சித்தப்பா. நிதானமான மனிதர். பத்துக்கு மேற்பட்ட ஜோடிகள், பத்து ஜோடி, ஏஸ்-ராஜா, ஒரே நிறத்தில் ஏஸ்-ராணி இவை தவிர வேறெதற்கும் முதல் சுற்றில் பணத்தைக் கூட்டமாட்டார். அவர் கூட்டிவிட்டார். 1,326 வழிகள் ஒரே அசைவில் 50 ஆகச் சுருங்கிவிட்டன: ஐந்து ஜோடிகளுக்கு 30, ஏஸ்-ராஜாவுக்கு 16, ஒரே நிற ஏஸ்-ராணிக்கு 4. இந்தத் தொகுதியைத்தான் ஆட்டக்காரர்கள் 'ரேஞ்ச்' என்கிறார்கள். தேர்ந்தவர் எதிராளிக்கு ஒரு கையைக் கற்பனை செய்வதில்லை. ரேஞ்சை வைத்துக்கொண்டு அதைச் சுற்றுக்குச் சுற்று அரித்தெடுக்கிறார்.

உங்களிடம் இஸ்பேட் ஏஸும் ஆட்டின் ராஜாவும். அதனால் அவருடைய 50 வழி 36 ஆகிறது. பிளாப்பில் விழுந்தவை டைமன் ராஜா, கிளாவர் ஏழு, இஸ்பேட் இரண்டு. இன்னொரு ராஜா வெளியே வந்துவிட்டதால் மறுபடி எண்ணுங்கள். ஜோடி ஏஸ் 3, ஜோடி ராஜா 1, ராணி, ஜாக்கி, பத்து ஜோடிகள் ஆறாறாக 18, ஏஸ்-ராஜா 6, ஏஸ்-ராணி 3. மொத்தம் 31. உங்களிடம் ராஜா ஜோடி, கூட ஏஸ். 31இல் 21 வழிகளில் நீங்கள் முந்துகிறீர்கள், 6இல் சமம், 4இல் மட்டும் தோல்வி. நல்ல நிலைதான்.

சித்தப்பா பந்தயம் கட்டுகிறார். நீங்கள் ஈடுகட்டுகிறீர்கள். டர்னில் ஆட்டின் நாலு, ரிவரில் டைமன் ஒன்பது. யாருக்கும் உதவாத சீட்டுகள். இரண்டு முறையும் சித்தப்பா பின்வாங்கவில்லை. நடுவில் 20 வெள்ளி சேர்ந்திருக்க, இன்னும் 10 வெள்ளியைத் தள்ளிவிட்டு, "என்ன தம்பி, வர்றியா, விடுறியா?" என்கிறார்.

சீட்டுக் கணக்குப்படி 31 வழியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 31க்கும் இனி ஒரே எடை இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கை இருந்தால் சித்தப்பா மூன்று முறையும் இப்படிக் கட்டுவாரா? ஜோடி ஏஸோ மூன்று ராஜாவோ இருந்தால் நிச்சயம் கட்டுவார்; அந்த 4 அப்படியே நிற்கட்டும். ஏஸ்-ராஜா இருந்தால் பாதி நேரம் கட்டுவார், பாதி நேரம் அடங்குவார். 6 என்பது 3. ராணி, ஜாக்கி, பத்து ஜோடிகள் நடுவிலிருக்கும் ராஜாவைக் கண்டு மிரளும். ஒன்பதில் ஒரு தடவைதான் கட்டுவார் என்று வைத்தால் 18 என்பது 2. ஏஸ்-ராணியில் கையில் எதுவும் சேரவில்லை. மூன்றில் ஒரு தடவை துணிந்து பிளஃப் அடிப்பார், அதாவது நல்ல கை இருப்பதுபோல் காட்டிக் கட்டுவார் என்றால் 3 என்பது 1. ஆக மொத்தம் 10. அதில் தோல்வி 4, சமம் 3, வெற்றி 3. பிளாப்பில் மூன்றில் இரண்டு பங்கு முந்திக்கொண்டிருந்தவர் இப்போது பத்தில் மூன்று. சீட்டு எதுவும் உங்களுக்கு எதிராக விழவில்லை. மாறியது சித்தப்பாவின் நடத்தை மட்டுமே.

இந்தக் கேள்விக்கு அடிப்படை தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தேற்றம். அவர் 1761இல் இறந்தார். நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் அவருடைய கட்டுரையை வெளியிட்டார். தேற்றத்தின் சாரம் இவ்வளவுதான்: துப்பு கிடைக்கும் முன் ஒவ்வொரு சாத்தியத்துக்கும் இருந்த எடையை, அந்தச் சாத்தியம் உண்மையானால் இந்தத் துப்பு எவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்கும் என்பதால் பெருக்கு. எல்லாக் கைகளோடும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறவரிடம் எந்தத் துப்பும் கிடைக்காது. நல்ல கை வந்தால் ஒரு மாதிரியும் மோசமான கை வந்தால் இன்னொரு மாதிரியும் நடப்பவர் சீட்டைத் திறந்து வைத்து ஆடுகிறார் என்றே சொல்லலாம்.

சரி, 10 வெள்ளியைப் போடலாமா? தோற்கும் வழி ஜெயிக்கும் வழியை விடக் கூடுதல் என்பதால் விலகச் சொல்லும் மனம். கணக்கு வேறு சொல்கிறது. ஜெயித்தால் 30 வெள்ளி கிடைக்கும். தோற்றால் 10 போகும். சமமானால் 40ஐப் பாதியாகப் பிரித்து, போட்ட 10 போக 10 மிச்சம். பத்து தடவைக்குக் கூட்டினால் 90 வரவு, 40 செலவு, மறுபடி 30 வரவு. நிகரம் 80 வெள்ளி, தடவைக்கு 8. போடத்தான் வேண்டும். எதிராளியின் கையைச் சரியாகச் சொல்வது ஆட்டத்தின் நோக்கமே அல்ல. கேட்கிற விலைக்கு அந்த ரேஞ்ச் தகுமா என்பதுதான் கேள்வி. இதைப் பிடித்துக்கொள்ளப் பலருக்கு வருடங்கள் ஆகின்றன.

ஆனால் சித்தப்பா பிளஃபே அடிக்காதவர் என்று வையுங்கள். ஜெயிக்கும் அந்த 3 வழியும் காணாமல் போகும். மிச்சம் 7: தோல்வி 4, சமம் 3. ஏழு தடவையில் 40 செலவு, 30 வரவு. இப்போது அதே 10 வெள்ளி நஷ்டக் கணக்கு. முழுத் தீர்ப்பும் மூன்று வழிகளில் தொங்குகிறது. அந்த மூன்றை எண்ணிச் சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. சித்தப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் பணத்தைக் கூட்டுகிற மச்சான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ரேஞ்சே 50இல் தொடங்கியிருக்காது, பல நூறில் தொடங்கியிருக்கும்.

நடந்தது மட்டும் துப்பு அல்ல, நடக்காததும் துப்பு. ஜோடி ஏஸ் இருந்தால் கட்டாயம் கூட்டியிருப்பார் என்கிற இடத்தில் ஒருவர் சும்மா இருந்தால் ஜோடி ஏஸ் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. இதே தர்க்கம் கடலடியில் ஒரு விமானத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447, 2009 ஜூன் முதல் தேதி 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டியின் ஒலிச் சமிக்ஞையைத் தேடிய கப்பல்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்காத பகுதியில் விமானம் இல்லை என்று முதலில் ஒதுக்கினார்கள். 2011இல் மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிதக்காரர்கள், தோற்றுப்போன தேடல்கள் அனைத்தையும் பேய்ஸ் முறையில் எடை போட்டார்கள். சமிக்ஞைக் கருவி பழுதாகியிருந்தால் கேட்காமல் போனதற்குப் பொருளே இல்லையே என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒதுக்கிய பகுதிக்கு மறுபடி எடை கூடியது. அந்த ஆண்டு ஏப்ரலில், புதிய தேடல் தொடங்கி ஒரு வாரத்துக்குள், உடைந்த பாகங்கள் அங்கே கிடைத்தன.

கடல் பொய் சொல்லாது, சித்தப்பா சொல்வார் என்ற சிக்கலுக்கு வருவோம். நீங்கள் அவர் ரேஞ்சை அரிக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரியும். ஜான் வான் நியூமன் 1928இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுரையிலிருந்து 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய பெரும் நூல் வரை போக்கர் அவரை விடவில்லை. எளிமையாக்கிய போக்கர் ஒன்றைக் கணக்கிட்டு அவர் கண்டது, பிளஃப் என்பது குணக்கோளாறோ வீரமோ அல்ல, கணிதத் தேவை. எதை வைத்து பிளஃப் அடிப்பது என்பதற்கும் விடை கிடைத்தது. நடுத்தரக் கையை வைத்து அல்ல, ஆக மோசமான கையை வைத்து. நடுத்தரக் கை சும்மா இருந்தாலே சில நேரம் ஜெயிக்கும். மோசமான கைக்கு பிளஃபை விட்டால் வேறு வழியில்லை. மேலே நம் சித்தப்பா ராணி ஜோடியை அடக்கி வைத்து ஏஸ்-ராணியோடு துணிந்தது அதனால்தான். நடுவிலுள்ள பணத்தில் பாதியைக் கட்டுகிறவர் நான்கில் ஒரு தடவை பிளஃபாக வைத்திருந்தால், எளிய மாதிரியில், எதிராளி ஈடுகட்டினாலும் விலகினாலும் ஒன்றுதான். அந்த நிலையில் அவரைப் படிப்பதால் பயன் இல்லை.

கணினிகள் இந்த இடத்தைத்தான் பிடித்தன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ், 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் சூதாட்டக்கூடம் ஒன்றில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள் மோதியது. ஆட்டம் முடிந்ததும் நால்வரும் உட்கார்ந்து அன்றைய ஆட்டங்களை அலசி இயந்திரத்தின் ஓட்டையைத் தேடுவார்கள். இயந்திரமோ அதே இரவில், அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளையே அடைத்துக்கொண்டிருந்தது. முடிவில் சில்லுக் கணக்கில் 17 லட்சம் டாலருக்கும் மேல் அதன் பக்கம். மனிதன் எதிராளியின் கையில் கண்ணாக இருக்கிறான். இத்தகைய நிரல்கள் தங்கள் கை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் விடாமல் கணக்கிடுகின்றன. இந்த ஆட்டத்தை வந்த சீட்டோடு மட்டும் அல்ல, வேறெந்தச் சீட்டு வந்திருந்தாலும் எப்படி ஆடியிருப்பேன் என்ற கேள்வியோடு சேர்த்தே அவை ஆடுகின்றன. முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளும் பழைய கலையை விட இது எவ்வளவோ வலுவான மறைப்பு.

முகம் என்றதும் ஒன்று. மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறைப் போக்கர் ஆட்டங்களின் காணொளிகளைச் சாதாரண மனிதர்களுக்குக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் கையின் தரத்தைச் சொல்ல முடியவில்லை. சில்லைத் தள்ளும் கையசைவை மட்டும் பார்த்தவர்கள் குருட்டு ஊகத்தை விட நன்றாகச் சொன்னார்கள். சினிமாவில் கதாநாயகன் எதிராளியின் கண்ணையே உற்றுப் பார்ப்பானே, அவன் பார்க்க வேண்டியது சில்லைத் தள்ளும் கையை.

இவ்வளவு கணக்கு இருப்பதால் இது திறமை ஆட்டமா? தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை ஆட்டங்களே என்று அந்தப் பட்டியலை நீக்கியது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே இடம் வைக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடை செய்தது. சிங்கப்பூர் இந்த வாதத்தில் நேரம் செலவிடவில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மரினா பே சேண்ட்ஸிலோ செந்தோசாவிலோ சூதாட்டக்கூடத்துக்குள் கால்வைக்க ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019 வரை அது 100 வெள்ளியாக இருந்தது.

நீதிமன்றம் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் திறமை இருப்பது வேறு, அது தெரியவருவது வேறு. 2015இல் லிப்ராட்டஸுக்கு முன்னோடியான கிளாடிகோ 80,000 ஆட்டங்கள் ஆடி மனிதர்களிடம் பின்தங்கியது. அத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் அது அதிர்ஷ்டமா திறமையா என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள் அதை உருவாக்கியவர்கள். அதனால்தான் லிப்ராட்டஸுக்கு 1,20,000 ஆட்டம் வைத்தார்கள். வீட்டில் மணிக்கு 30 ஆட்டம், இரவுக்கு நான்கு மணி நேரம் என்று ஆடினால் அந்த எண்ணிக்கையை எட்ட 1,000 இரவுகள் வேண்டும். ஒரே ராத்திரியில் சித்தப்பாவிடம் 50 வெள்ளி ஜெயித்தவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நம்பி அடுத்த நாள் 150 வெள்ளி கட்டி மரினா பேக்குள் நுழைய வேண்டாம்.